பனிச்சரிவு: சொல் விளக்கம்

மலைச்சாய்வில் படிந்திருக்கும் பனி பிடிப்பை இழந்து மொத்தமாகக் கீழே பாய்வதுதான் அவலாஞ்ச். தமிழில் பனிச்சரிவு. நிலச்சரிவு என்று சொல்லிப் பழகியவர்களுக்கு விளக்காமலே புரிகிற நல்ல சொல்.

அவலாஞ்ச் ஆல்ப்ஸ் மலைவாசிகளின் பேச்சிலிருந்து வந்தது. சவோய்ப் பகுதியில் லவாஞ்ச் என்றார்கள். ‘கீழே இறங்கு’ எனப் பொருள்பட்ட அவாலே என்ற பிரெஞ்சு வினையின் சாயல் ஏறி அது அவலாஞ்ச் ஆனது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. ஜெர்மானியரின் லவீனே, பிற்கால இலத்தீனின் லாபினாவிலிருந்து பிறந்தது. அதற்கும் அடியில் இருப்பது வழுக்குதலைக் குறிக்கும் வினை. நம் ‘சரிதல்’ அதற்கு மிக அருகில் நிற்கிறது.

செய்திகளில் ‘பனிப்பாறைச் சரிவு’ என்று எழுதுவதை மட்டும் விட்டுவிட வேண்டும். பனிப்பாறை பல ஆண்டுகளாக இறுகிய பனிக்கட்டி. அது உடைந்து விழுவது வேறு நிகழ்வு. 2022 ஜூலையில் இத்தாலியின் மார்மொலாடா மலையில் 11 பேரைப் பலிகொண்டது அப்படியொரு உடைவுதான்.

பனிச்சரிவிலும் வகைகள் உண்டு. தளர்ந்த பனி ஒரு புள்ளியில் தொடங்கி விரிந்துகொண்டே இறங்கினால் உதிர்பனிச் சரிவு. மலையேறிகளையும் பனிச்சறுக்குக்காரர்களையும் அதிகம் கொல்வது பலகைச் சரிவு. ஜெர்மனிலும் இதைப் பனிப்பலகை என்றே சொல்கிறார்கள். குளிர்காலம் முழுக்க அடுக்கடுக்காகச் சேரும் பனிப்படிவத்தில் எல்லா அடுக்கும் ஒரே வலுவோடு இருப்பதில்லை. படிவம் மெலிதாக இருந்து மேலே கடுங்குளிர் நிலவினால், தரையையொட்டிய பனி ஏறத்தாழ 0 டிகிரியிலேயே இருக்கும். இந்த வெப்ப வேறுபாட்டால் நீராவி மேல்நோக்கி நகர, கீழுள்ள பனி சர்க்கரை போல ஒட்டாத மணிகளாக மாறிவிடுகிறது. அப்புறம் காற்று கொண்டுவந்து குவித்த பனி அதன்மேல் பலகையாக இறுகிவிட்டால், ஓர் ஆளின் எடையே போதும். அடியிலுள்ள அடுக்கு நொறுங்கி, பலகை முழுதும் பிளந்து நகரும். 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சாய்வுகளில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. சிக்கியவரோ உடன் வந்தவரோதான் பெரும்பாலும் அதைக் கிளப்பிவிட்டிருப்பார். காலடியில் ‘வும்ப்’ என்று ஓசை எழுந்தாலோ, விரிசல் ஓடினாலோ உடனே விலக வேண்டும்.

‘சரிவு’ சாய்வான இடத்தையும் குறிக்கும் என்பதால், ‘பனிச்சரிவில் சறுக்கினார்கள்’ என்று எழுதினால் குழப்பம். இடத்தைப் பனிச்சாய்வு என்றால் சரி.

எச்சரிக்கை அறிக்கைகளை மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று. ஆபத்து அளவுகோலில் 5 நிலைகள் உள்ளன. மூன்றாவதை ‘நடுத்தரம்’ என்று எழுதாதீர்கள். இரண்டாவதுதான் மிதமானது, மூன்றாவது ‘கணிசமான ஆபத்து’. ரோந்தும் வெடிவைத்துப் பனி அகற்றுவதும் இல்லாத தொலைமலைப் பகுதிகளில் உயிரிழப்புகள் அதிகம் நேர்வது இந்த மூன்றாம் நிலையில்தான்.