அரக்குப் பட்டு தக்காளி கலரான கதை: போன் கேமரா நிறத்தை எப்படிப் பார்க்குது?

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பினாங்கு லிட்டில் இந்தியா, மார்க்கெட் ஸ்ட்ரீட்ல அத்தையை நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்தேன். ஈப்போவுலேர்ந்து வந்திருந்தாங்க, புதுசா எடுத்த அரக்குப் பட்டு, தலையில ரெண்டு முழம் மல்லி, பின்னாடி துணிக்கடை, மேல, கடை முன்னாடி நடைபாதையான அஞ்சடியில தொங்குற மஞ்சள் பல்பு, நேர்ல பார்க்க அந்தச் சேலை அப்படியே எரியாம எரியுற தணல் மாதிரி இருந்துச்சு. வீட்டு குரூப்ல போட்டேன். ரெண்டே நிமிஷம், கிள்ளான்லேர்ந்து சித்தி: "ஏம்மா, அத்தைக்கு யாரு தக்காளி கலர்ல புடவை வாங்கிக் குடுத்தா?"

திறந்து பார்த்தா சித்தி சொன்னது சரிதான். தக்காளியேதான். அதைவிட மோசம், கொசுவத்துல ஒரு மடிப்பு கூட தெரியல, இடுப்புலேர்ந்து பாதம் வரைக்கும் ஒரே சிவப்பு அட்டையை வெட்டி ஒட்டின மாதிரி. அத்தைக்கு முகம் சுருங்கிப் போச்சு. நான் போனைத் திட்டினேன். அப்புறம் ராத்திரி உக்காந்து யோசிச்சப்ப, போன் அது பாட்டுக்கு அதோட வேலையைத்தான் செஞ்சிருக்கு, அந்த வேலை என்னன்னு தெரியாம நான்தான் நீட்டியிருக்கேன்னு புரிஞ்சுது.

முதல்ல ஒரு விஷயம். கேமரா சென்சாருக்கு நிறமே தெரியாது. நகம் அளவு சில்லு, அதுல கோடிக்கணக்குல குட்டிக் குழிங்க, ஒவ்வொரு குழியும் தனக்குள்ள எவ்வளவு வெளிச்சம் விழுந்துச்சுன்னு மட்டும் எண்ணும். சிவப்பா பச்சையான்னு கேட்டா அதுக்குத் தெரியாது. அப்புறம் கலர் எங்கேர்ந்து வருது? நம்ம வாசல் புள்ளிக் கோலத்தை நினைச்சுக்குங்க. தீபாவளிக்கு ஷாப்பிங் மால்ல கலர் அரிசியில போடுவாங்களே, அந்த மாதிரி ஒவ்வொரு புள்ளிக்கு மேலயும் ஒரு கலர் கண்ணாடி மூடி. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம், ரெண்டு பச்சை, திரும்பத் திரும்ப இதே வரிசைதான். கொடாக்ல வேலை பார்த்த பிரைஸ் பேயர் கண்டுபிடிச்சது, 1976-ல பேட்டன்ட் கிடைச்சுது, இன்னைக்கும் நம்ம பையில இருக்குற போன் பெரும்பாலும் அந்தக் கோலத்தைத்தான் கொஞ்சம் மாத்திப் போட்டுக்கிட்டு இருக்கு. பச்சை மட்டும் ஏன் ரெண்டு பங்குன்னா, நம்ம கண்ணு வெளிச்சத்தோட நுணுக்கத்தை அதிகமாப் பிடிக்கிறது பச்சைப் பக்கம்தான்.

இப்ப 12 மெகாபிக்சல், அதாவது 120 லட்சம் புள்ளி இருக்குற படம்னு ஒண்ணு எடுத்தா, சிவப்பை நிஜமா அளந்தது 30 லட்சம் புள்ளிதான். மீதி 90 லட்சம் இடத்துல சிவப்பு எவ்வளவுன்னு பக்கத்துப் புள்ளியைப் பார்த்து போனே கணக்குப் போட்டு நிரப்புது. புள்ளி வச்சவ ஒருத்தி, இழுத்து முடிக்கிறவ இன்னொருத்தி. சும்மா சொல்லல, நீங்க பார்க்குற ஒவ்வொரு கலர் போட்டோவுலயும் முக்காவாசி சிவப்பு ஊகம்தான்.

சரி, தக்காளிக்கு வருவோம். குழின்னு சொன்னேன் இல்லையா, அதை வாளின்னு வச்சுக்குங்க. வாளிக்கு ஒரு விளிம்பு இருக்கு. சாதாரண ஜேபெக் படத்துல அந்த விளிம்பு 255. பூஜ்யம்னா இருட்டு, 255-ன்னா நிரம்பிடுச்சு, அதுக்கு மேல எவ்வளவு ஊத்தினாலும் 255-தான் எழுதும். அத்தை சேலையில ஒரு இடம், சிவப்பு 200, பச்சை 40, நீலம் 20 வாங்குச்சுன்னு ஒரு கணக்குக்கு வைப்போம் (நிஜக் கணக்கு இதைவிடக் கொஞ்சம் கோணலானது, விஷயம் இதேதான்). அரக்கு டார்க்கான கலர், அது பிரேமை முக்காவாசி அடைச்சுக்கிட்டு நின்னா போன் என்ன நினைக்கும்? "அய்யோ இருட்டா இருக்கே"ன்னு வெளிச்சத்தைத் தூக்கும். ரெண்டரை மடங்கு தூக்கிச்சுன்னா சிவப்பு 500 ஆகணும், ஆனா வாளி 255-ல நிரம்பிடுச்சு. பச்சைக்கு இடம் இருக்கு, அது 100 ஆயிடும். நீலம் 50. முதல்ல சிவப்பு பச்சையைப்போல அஞ்சு மடங்கு இருந்துச்சு, இப்ப ரெண்டரை மடங்குதான். 255, 100, 50-ஐ கலந்து பாருங்க, பசார்ல கூறு போட்டு விக்கிற தக்காளி வரும். இன்னும் தூக்கினா ஆரஞ்சு, அதுக்கும் மேல மஞ்சள். குங்குமம், செம்பருத்தி, சீனப் புத்தாண்டு விளக்குன்னு எதை எடுத்தாலும் போன்ல ஆரஞ்சாப் போறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மடிப்பு காணாமப் போனதும் இதனாலதான், மேட்டுலயும் 255 பள்ளத்துலயும் 255-ன்னா மடிப்பு எங்கேர்ந்து தெரியும்?

இதுக்கு மருந்து ரொம்ப சின்னது. ஸ்கிரீன்ல சேலை மேல ஒரு தட்டு தட்டுங்க, பக்கத்துல சூரியன் மாதிரி ஒரு குறி வரும், அதைக் கீழ இழுங்க. எப்ப நிறுத்தணும்னா மடிப்பு திரும்பத் தெரிய ஆரம்பிக்கிறப்ப. படம் கொஞ்சம் இருட்டாத்தான் இருக்கும், பரவாயில்ல, இருட்டை அப்புறம் தூக்கலாம், வழிஞ்சு போனதை வாளிக்குள்ள திரும்ப அள்ள முடியாது.

அடுத்த குத்தவாளி மஞ்சள் பல்பு. நமக்கு அந்த வெளிச்சம் மஞ்சளாவே தெரியல, அதான் ஆச்சரியம். அஞ்சடிக்குள்ள நுழைஞ்சு கொஞ்ச நேரத்துல, கண்ணும் மூளையும் சேர்ந்து "இங்க வெளிச்சமே மஞ்சள், அதைக் கழிச்சுட்டுப் பாரு"ன்னு முடிவு பண்ணிடும். கண்ணுல நிறம் பார்க்குற கூம்பு செல் 60 லட்சம் வாக்குல இருக்கு, மூணு வகை, எந்த வகைக்கு வெளிச்சம் அதிகமா வருதோ அந்த வகை தன் சத்தத்தைக் குறைச்சுக்கும். அதனால மல்லிப்பூ வெயில்லயும் வெள்ளை, பல்புலயும் வெள்ளை, கோயில் விளக்குலயும் வெள்ளை. 2015-ல ஒரு கவுன் போட்டோ, நீலம்-கருப்பா வெள்ளை-தங்கமான்னு உலகமே அடிச்சுக்கிச்சே ஞாபகம் இருக்கா, அது இந்தக் கழித்தல் கணக்குல வந்த சண்டைதான். வெளிச்சம் என்னன்னு ஒவ்வொருத்தர் மூளையும் ஒவ்வொரு மாதிரி ஊகிச்சுது. கவுன் நிஜத்துல நீலம்-கருப்பு. எங்க வீட்டுல அப்பா இன்னும் ஒத்துக்கல.

போனும் இதே கழித்தலைச் செய்யப் பார்க்குது, வைட் பேலன்ஸ்னு பேரு. வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற அளவு கெல்வின், மஞ்சள் பல்பு 2700, 3000 கெல்வின், நடுப்பகல் வெயில் 5500 வாக்குல, நிழல் 7000-க்கு மேல, இதுல எதுல நிக்கிறோம்னு அது கண்டுபிடிக்கணும். பழைய வழி என்னன்னா, படத்துல இருக்குற எல்லா நிறத்தையும் கூட்டி சராசரி எடுத்தா சாம்பல் வரணும்னு வச்சுக்கறது. இப்ப இதைவிடக் கெட்டிக்காரத்தனமா நிறைய செய்யுது, ஆனாலும் அந்தப் பழக்கம் முழுசாப் போகல. பிரேம் முழுக்க ஒரே சிவப்புச் சேலைன்னா "வெளிச்சமே சிவப்பு போல"ன்னு ஏமாந்து, சிவப்பைக் குறைச்சு, சேலையைச் செத்த கலராக்கி வைக்கும். அதுக்கு ஒரு வெள்ளைப் பொருளைக் காட்டிட்டா போதும், பாதி பிரச்சனை தீர்ந்துச்சு. இதுக்குன்னே சாம்பல் அட்டை விக்கிறாங்க. நமக்கு எதுக்கு அட்டை, அத்தை தலையில மல்லி இருக்கு, மாமா இடுப்புல வேட்டி இருக்கு, எதிர்ல கோப்பிக் கடை வெள்ளைக் கப்பு இருக்கு. ஏதாவது ஒண்ணு பிரேம்ல வர்ற மாதிரி நிக்க வைங்க.

கோலாலம்பூர் பக்கம் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போறவங்களுக்கு இன்னொரு தொல்லை. 2018-ல அந்த 272 படியையும் கலர் கலரா பெயின்ட் அடிச்சதுலேர்ந்து அங்க உக்காந்து போட்டோ எடுக்காத ஆளே இல்ல. எடுத்துட்டு வந்து பார்த்தா தாடைக்குக் கீழ லேசா பச்சை, இல்லாட்டி ஊதா. பெயின்ட்ல பட்ட வெயில் அந்த நிறத்தைத் தூக்கிக்கிட்டு முகத்துல வந்து படியுது. உக்காராம நில்லுங்க, குறையும்.

இனி வெயில். பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்க அஞ்சு டிகிரி சொச்சம்தான், ஏப்ரல் தொடக்கத்துல ஒரு தடவை, செப்டம்பர் முதல் பாதியில ஒரு தடவை, மத்தியானம் சூரியன் நேர் உச்சிக்கே வந்துடும். அந்த வெளிச்சத்துல கலர் பளிச்சுன்னு வரும்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். வராது. பெரும்பாலான பொருள் ரெண்டு விதமா வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புது. உள்ள போய் சாயத்துல மோதி வர்ற வெளிச்சத்துக்குத்தான் பொருளோட நிறம் இருக்கும். மேல் தோல்லயே பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் சூரியன் என்ன கலரோ அதே வெள்ளைதான். உச்சி வெயில்ல இந்த வெள்ளை மினுக்கம் எல்லாத்துக்கும் மேல ஒரு பால் கலந்த மாதிரி படிஞ்சிடும். மாரியம்மன் கோயில் கோபுரத்தைப் பகல் 12 மணிக்கு எடுத்துப் பாருங்க, நான் சொல்றது புரியும்.

இதுக்கு நேர் எதிர், மழை விட்ட நேரம். லீத் ஸ்ட்ரீட்ல இருக்குற நீல மாளிகையை நிறைய பேர் பார்த்திருப்பீங்க, சியோங் ஃபாட் சி கட்டின வீடு. அந்த நீலம் அவுரிச் சாயத்தைச் சுண்ணாம்புல கலந்து அடிச்ச நீலம், தமிழ்நாட்டுல வயல்ல வெளைஞ்ச அதே அவுரி. அவுரி, சிவப்பு ஆரஞ்சு பக்கத்து வெளிச்சத்தை முழுங்கிட்டு நீலத்தை விடுது. சுண்ணாம்புச் சுவர் பார்க்க வழவழப்பா தெரிஞ்சாலும் கிட்டப் போனா சொரசொரப்புதான், அந்தச் சொரசொரப்பு வெள்ளை வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் இறைக்கும், அதனால எங்க நின்னு பார்த்தாலும் நீலத்துக்கு மேல லேசா வெளுப்பு. சுவர் நனைஞ்சா அந்தப் பள்ளத்தையெல்லாம் தண்ணி நிரப்பிடுது. தண்ணி மேல பட்ட வெளிச்சம் ஒரே பக்கமா கண்ணாடி மாதிரி திரும்பிடும், நீங்க அந்தப் பக்கம் நிக்காட்டி உங்களுக்கு வர்றது சாயத்துலேர்ந்து வந்த நீலம் மட்டும். உள்ள போன வெளிச்சமும் தண்ணிப் படலத்துல முட்டி முட்டி, இன்னும் ரெண்டு தடவை சாயத்தைத் தொட்டுட்டுத்தான் வெளிய வரும். அதான் நனைஞ்ச சுவர், நனைஞ்ச தார் ரோடு, நனைஞ்ச சட்டை எல்லாம் ஒரு படி ஆழமா தெரியுது. மழை வருதுன்னு கேமராவை உள்ள வைக்கிறவங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கும்.

ஒரு கலர் மட்டும் எந்த போனுக்கும் அடங்காது, அது மயில் கழுத்து. நீளவாக்குல ஓடுற பாவு நூல் ஒரு கலர், குறுக்க ஓடுற ஊடை நூல் வேற கலர், நீலமும் பச்சையும் போட்டு நெய்ஞ்சிருப்பாங்க. துணி அசையுறப்ப ஒரு கோணத்துல பாவு நூல் அதிகமா மின்னும், இன்னொரு கோணத்துல ஊடை. நம்ம ரெண்டு கண்ணும் தனித்தனி இடத்துலேர்ந்து பார்க்குது, போதாததுக்கு தலையையும் ஆட்டுறோம், அந்த மாற்றத்தைச் சேர்த்துதான் "மயில் கழுத்து"ன்னு பேரு வச்சிருக்கோம். போட்டோ ஒரே கோணம். அதுல வர்றது வெறும் நீலம், இல்லாட்டி வெறும் பச்சை. வீடியோ எடுத்துக் குடுங்க, வேற வழியில்ல.

கடைவீதியில எல்இடி விளக்கு வந்ததுலேர்ந்து போட்டோவுல குறுக்கால கோடு விழுதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. மலேசியாவுல கரன்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவு எல்இடி நொடிக்கு 100 தடவை அணைஞ்சு எரியும், போன் படத்தை மேலேர்ந்து கீழ வரி வரியாப் படிக்கிறதால சில வரி இருட்டுல மாட்டிக்குது. ப்ரோ மோடுல ஷட்டரை 1/50 இல்ல 1/100 வச்சா போயிடும்.

இவ்வளவும் சரியா செஞ்சாலும் ரெண்டு இடத்துல நிறம் மாறும். ஒண்ணு, அனுப்புறப்ப. மெசேஜ் ஆப் படத்தைச் சுருக்குறப்ப, வெளிச்ச விவரத்தை விட்டு வச்சுட்டு நிற விவரத்தை நீளத்துல பாதி அகலத்துல பாதின்னு வெட்டும், அதாவது நாலு புள்ளிக்கு ஒரே நிறம். கண்ணுக்கு நிற நுணுக்கம் அவ்வளவா தெரியாதுன்ற தைரியத்துல செய்யுற வேலை. முகத்துல, வானத்துல தெரியாதுதான். ஆனா அரக்குல மெல்லிசா ஓடுற சரிகைக் கரை? ரெண்டு நிறமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஊறிப் போயிடும். டாக்குமென்டா அனுப்பினா வெட்டாது.

ரெண்டாவது, நம்ம மண்டையில. நல்லாத் தெரிஞ்ச பொருளோட நிறத்தை மனசு நிஜத்தைவிடத் தூக்கலா ஞாபகம் வச்சுக்கும், 1960-லயே சி. ஜே. பார்ட்டில்சன் புல்லு, வானம் மாதிரி பொருளை வச்சு இதைச் சோதிச்சுப் பார்த்திருக்கார். போன் செய்யுறவங்களுக்கும் இது தெரியும், அதனாலதான் வானத்துக்கு ஒரு கை நீலம் சேர்த்துக் குடுக்குறாங்க. ஆக, சனிக்கிழமை சாயங்காலம் நான் பார்த்த அந்தத் தணல் கலர் எந்த அளவுக்குச் சேலையில இருந்துச்சு, எந்த அளவுக்கு அத்தை மேல இருக்குற பாசத்துல இருந்துச்சுன்னு என்னாலயே சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது.

ஞாயித்துக்கிழமை காலையில மழை. ஒரு தடவை கட்டினதை உடனே மடிச்சு வைக்க மனசு வரலன்னு அத்தை அதே சேலையில குயீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினாங்க, 1833-லேர்ந்து இருக்குற கோயில். சாமி கும்பிட்டு வெளிய வர்றப்ப தூறல் நின்னு வானம் வெள்ளைத் துணி கட்டின மாதிரி இருந்துச்சு. வாசல்ல நிக்க வச்சேன், மல்லி தெரியுற மாதிரி லேசா திரும்பச் சொன்னேன், சேலை மேல தட்டி, மடிப்பு தெரியுற வரைக்கும் இழுத்து, ஒரே ஒரு படம். டாக்குமென்டா அனுப்பினேன்.

சித்தி இந்தத் தடவை அஞ்சு நிமிஷம் எடுத்துக்கிட்டாங்க. "புடவை நல்லாத் தெரியுதுலா. அத்தை முகம் ஏன் இருட்டுல இருக்கு?"

எடிட்ல நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கி மறுபடி அனுப்பினேன். எந்தக் கடை, எவ்வளவுன்னு கேட்டு உடனே வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு.