ஆப் கத்துக்கவா ரெண்டு வருஷம் படிக்கப் போறீங்க?

போன வாரமும் ஒரு போன். பெரம்பூர் பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல ரொம்ப வருஷமா கணக்கு எடுக்கிற மிஸ். "சார், எஜுகேஷனல் டெக்னாலஜில மாஸ்டர்ஸ் சேரப் போறேன், அதுல எந்தெந்த ஆப் சொல்லித் தருவாங்க?"ன்னு கேட்டாங்க. கூடவே, ஒரு கன்சல்டன்சில அட்வான்ஸும் கட்டியாச்சாம், கிளாஸுக்கே போக வேண்டாமாம், ஆறு மாசத்துல சர்ட்டிபிகேட் வீட்டுக்கே வந்துடுமாம். கேட்டதும் வயிறு எரிஞ்சுது. டீச்சர் சம்பளத்துல மிச்சம் பிடிச்ச காசுங்க அது. டீச்சர்களுக்கு பயிற்சி குடுக்கிற வேலையில இருக்கிறதால இந்த மாதிரி கேஸ் எல்லாம் பணம் கட்டின பிறகுதான் என்கிட்ட வருது, அதனால கட்டறதுக்கு முன்னாடியே நாலு பேர் படிக்கட்டும்னு எழுதறேன்.

முதல்ல அந்த ஆப் விஷயம். ஆப் கத்துக்க டிகிரி வேண்டாம். யூடியூப் போதும், இல்லன்னா உங்க கிளாஸ் பசங்களே சொல்லித் தருவாங்க. இன்னிக்கு கத்துக்கிற ஆப் நீங்க படிப்ப முடிக்கிறப்ப இருக்குமான்னே தெரியாது. ஸ்மார்ட் போர்டு ஓட்டத் தெரிஞ்சவங்க, எமிஸ்ல (பசங்க விவரம் ஏத்தற அரசு வெப்சைட்) மடமடன்னு என்ட்ரி போடறவங்க, கலர் கலரா பிபிடி பண்றவங்க, இவங்கதான் எட்டெக், அதாவது எஜுகேஷனல் டெக்னாலஜி ஆளுன்னு ஸ்கூல்ல ஒரு நினைப்பு இருக்கு. அது அந்தப் படிப்பே இல்லங்க. ரிச்சர்ட் கிளார்க்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1983லயே சொல்லிட்டார், மளிகை கொண்டு வர்ற லாரியால நம்ம உடம்பு தேறாது, அதே மாதிரி கருவியால மட்டும் யாருக்கும் படிப்பு ஏறாது, பாடத்தை எப்படி அமைக்கிறோம்ங்கிறதுலதான் எல்லாம் இருக்குன்னு. ராபர்ட் கோஸ்மான்னு இன்னொரு ஆராய்ச்சியாளர் அத மறுத்து எழுதினார், கருவிக்கும் ஒரு பங்கு இருக்குன்னு. இந்த விவாதத்த படிச்சு, தன்னோட கிளாஸ்ல வச்சுப் பாத்து, எனக்கு எது சரின்னு படுதுன்னு எழுதற இடத்துலதான் ஒரு டீச்சர் வளர ஆரம்பிக்கிறாங்க. புன்யா மிஷ்ராவும் மேத்யூ கோலரும் 2006ல சொன்ன டிபேக் (TPACK) சட்டகமும் இதத்தான் கேக்குது: பாடம் தெரியணும், சொல்லித் தர்ற விதம் தெரியணும், கருவி தெரியணும், இந்த மூணும் சேர்ற இடம் தெரியணும். நம்ம ஊர்ல மூணாவது மட்டும்தான் எட்டெக்னு விக்கிறாங்க.

எங்கிட்ட படிச்ச ஒரு சயின்ஸ் மிஸ் பத்தி சொல்றேன். ஒளிச்சேர்க்கைக்கு சூப்பரான அனிமேஷன் வச்சிருந்தாங்க, சூரியன் சிரிக்கும், மஞ்சள் அம்புக்குறி இலைக்குள்ள போகும், பசங்க கைதட்டுவாங்க. கீழ முழு வாக்கியமா எழுத்து ஓடும், அதையே குரலும் படிக்கும், மிஸ்ஸும் கூடவே படிப்பாங்க. ஒரே விஷயத்த படம், எழுத்து, குரல் மூணுலயும் ஒரே நேரத்துல கொட்டினா மண்டைக்கு பாரம்தான் ஏறும்னு ரிச்சர்ட் மேயர்ங்கிற கல்வி உளவியல் ஆராய்ச்சியாளரோட ஆராய்ச்சியில வருது. அத படிச்சிட்டு போய் எழுத்த எடுத்துட்டாங்க. ஆனா அதவிடப் பெருசா அவங்க பண்ணது, அனிமேஷன போடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டது: "நம்ம கிரவுண்டுல இருக்கிற வேப்ப மரம் இவ்ளோ பெருசாச்சே, அந்த எடையெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?" நோட்டுல எழுதுங்க, பக்கத்துல பாக்காதீங்கன்னு சொல்லிட்டு அமைதியா நின்னாங்க. முக்கால்வாசி பேர் எழுதினது 'மண்ணுலேர்ந்து'. போன வருஷம் இதே அனிமேஷன பாத்து கைதட்டின பசங்களும் இப்படித்தான் நினைச்சிருப்பாங்க, யாரும் கேக்கல அவ்ளோதான். அப்புறம் வான் ஹெல்மான்ட் கதைய சொன்னாங்க, 17ஆம் நூற்றாண்டுல தொட்டியில வில்லோ மரம் வச்சு அஞ்சு வருஷம் தண்ணி மட்டும் ஊத்தினவர், மரம் 70 கிலோவுக்கு மேல ஏறிச்சு, மண்ணு குறைஞ்சது 60 கிராம் கூட இல்ல. அவர் எல்லாம் தண்ணிதான்னு முடிவு பண்ணார், காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடுதான் பெரும்பங்குன்னு அவருக்குத் தெரியாது. இத்தனையும் பேசின பிறகுதான் அனிமேஷன் ஓடுச்சு, நடுவுல நிறுத்தி நிறுத்தி. அதே ஸ்மார்ட் போர்டு, அதே வீடியோ, டீச்சர் மட்டும்தான் மாறியிருந்தாங்க.

இத எந்த ஆறு மாச தபால் சர்ட்டிபிகேட்டும் குடுக்காது.

சேரணும்னு இருக்கிறவங்க தயவு செஞ்சு இதெல்லாம் பாருங்க. தொலைதூரம், ஆன்லைன் எதுவா இருந்தாலும் யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைதூரக் கல்வி பிரிவு வெப்சைட்டுல அந்த யுனிவர்சிட்டி, அந்த கோர்ஸ், அந்த வருஷம் மூணும் இருக்கான்னு நீங்களே தேடுங்க, ஏஜென்ட் காட்டற ஸ்க்ரீன்ஷாட்ட நம்பாதீங்க. எம்.எட்னா என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில்) அனுமதி இல்லாம செல்லாது. ஃபீஸ் யுனிவர்சிட்டி அக்கவுன்ட்டுக்கு போகணும், தனி ஆளோட ஜிபேக்கு இல்ல. இக்னோல (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இதுக்குன்னே பிஜி டிப்ளமோ இருக்கு, திருச்சி பாரதிதாசன்ல எஜுகேஷனல் டெக்னாலஜி துறையே இருக்கு, முதல்ல அங்கெல்லாம் விசாரிங்க. சிலபஸ வாங்கிப் படிங்க, அதுல கற்றல் உளவியல், பாட வடிவமைப்பு, மதிப்பீடு, ஆராய்ச்சி முறை எதுவுமே இல்லாம சாஃப்ட்வேர் பேரா மட்டும் இருந்தா வேண்டாம். 'விஷுவல் லேர்னர், ஆடியோ லேர்னர்'னு பசங்கள பிரிச்சு பாடம் நடத்தச் சொல்ற கோர்ஸா இருந்தாலும் உஷாரா இருங்க. அப்படி பிரிச்சு நடத்தறதால பலன் இருக்குன்னு காட்ட சரியான ஆதாரமே இல்லன்னு 2008லயே ஹெரால்ட் பாஷ்லர்ங்கிற உளவியல் ஆராய்ச்சியாளரோட குழு அலசிச் சொல்லிடுச்சு, இங்க இன்னும் அதுக்கு ஒர்க்‌ஷாப் நடக்குது.

இன்னொன்னு, அசைன்மென்ட்டுக்காக பசங்கள வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டத்துல 18 வயசுக்கு கீழ எல்லாரும் குழந்தைதான், பெத்தவங்க சம்மதம் வேணும். சட்டத்த விடுங்க, தப்பா பதில் சொல்ற ஒரு பொண்ணோட முகத்த ஊருக்கே காட்டறது நியாயமா?

இத படிக்கிற ஹெச்எம், கரஸ்பாண்டன்ட் யாராவது இருந்தா உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் முழிச்சிருந்து படிச்சு முடிச்சிட்டு வர்ற டீச்சர புரொஜெக்டர் ஒயர் மாட்டவும் ஆண்டு விழா வீடியோ எடிட் பண்ணவும் அனுப்பறீங்க. வேண்டாங்க. வாரத்துக்கு ரெண்டு பீரியட் ஃப்ரீயா விடுங்க, மத்த டீச்சர்ஸோட கிளாஸ்ல பின்னாடி பெஞ்சுல உக்காந்து பாக்கட்டும், அவங்களோட சேர்ந்து பாடத்த திட்டம் போடட்டும். அடுத்த டெர்முக்கு எந்த சாஃப்ட்வேர் வாங்கறதுன்னு கம்பெனிக்காரங்க டெமோ காட்ட வர்றப்ப இந்த டீச்சரையும் கூப்பிட்டு உக்கார வைங்க, அவங்க கேள்வி கேட்டு முடிக்கிற வரைக்கும் செக்ல கையெழுத்து போடாதீங்க.