கைமாத்துக் கொடுத்துவிட்டு ‘இன்வெஸ்ட்’ என்று எழுதாதீர்கள்

இப்போதெல்லாம் பண வழக்குக்கு வரும் கட்சிக்காரர் முதலில் நீட்டுவது புரோநோட்டை அல்ல, போனை. சென்னை உயர்நீதிமன்றத்தைச் சுற்றி, தம்புச்செட்டித் தெரு, அரண்மனைக்காரத் தெருப் பக்கம் ஆபீஸ் வைத்திருக்கும் எந்த வக்கீலைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். போனை வாங்கிப் பார்த்தால் குசலம், கிண்டல், சண்டை எல்லாம் தமிழில் இருக்கும், பணம் என்று வரும் இடம் மட்டும் ஆங்கிலத்துக்குத் தாவியிருக்கும். கூச்சமாக இருக்கலாம், கௌரவமாக இருக்கலாம், எனக்கு அதில் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் போட்டிருக்கும் வினைச்சொல்தான் எங்களைப் படுத்துகிறது.

‘ஐ கேவ் யூ ஃபைவ் லேக்ஸ்’ என்று எழுதியிருப்பார்கள். கொடுத்தேன் என்பதற்கு நேர் சொல்தானே, இதில் என்ன தப்பு? வாய்ப்பேச்சில் நாம் வெறுமனே கொடுத்தேன் என்று சொல்வதில்லை, ‘கைமாத்தா கொடுத்தேன்’ என்போம். திரும்ப வரவேண்டிய பணம், வட்டி பேசவில்லை, பழக்கத்துக்காகக் கொடுத்தது என்று எல்லாமே அந்தக் கைமாத்துக்குள் அடக்கம். ‘கிவ்’வில் இது எதுவும் கிடையாது. தங்கைக்குச் சீராகக் கொடுத்தாலும் அதுதான், பழைய கடனை அடைத்தாலும் அதுதான். ‘பெய்ட்’ என்று எழுதினால் இன்னும் வம்பு, ஏனென்றால் ஆங்கிலத்தில் ‘பே’ பண்ணுவது பெரும்பாலும் விலைக்கோ கூலிக்கோ நாம் தரவேண்டிய பாக்கிக்கோதான், அப்போது கடன்காரர் யார் என்பதே தலைகீழாகிவிடுகிறது. ‘டிரான்ஸ்ஃபர்ட்’ ஒன்றும் சொல்லாது, பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். திரும்ப வரவேண்டிய பணத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் ‘லென்ட்’. வாங்கியவர் பக்கத்திலிருந்து பார்த்தால் ‘பாரோ’. நமக்குக் கடன் ஒன்றுதான், கொடுப்பதும் வாங்குவதும் பின்னால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இந்த இரண்டும் குழம்பிப்போய், ‘ஹி பாரோட் மீ டூ லேக்ஸ்’ என்று எழுதுகிறவர்கள் ஊரில் ஏராளம்.

எல்லாவற்றிலும் மோசம் ‘இன்வெஸ்ட்’. நண்பர் வேளச்சேரியில் சாப்பாட்டுக் கடை போடுகிறார், நான்கு லட்சம் குறைகிறது, ஆறு மாதத்தில் தருகிறேன் என்கிறார். பணம் கொடுப்பவரும் உற்சாகத்தில் ‘ஹேப்பி டு இன்வெஸ்ட் மச்சி’ என்று தட்டிவிட்டு அனுப்பிவிடுகிறார். கடை மூடிவிட்டது, பணத்துக்காக நண்பர் கொடுத்த செக்கும் பேங்கில் போட்டால் திரும்பிவிட்டது என்று வையுங்கள். செக், புரோநோட்டு போன்றவற்றுக்கான செலாவணி முறிச்சட்டம் 138-வது பிரிவில் வழக்குப் போட வேண்டுமானால் அந்தச் செக் ஒரு கடனுக்காகவோ வேறு பொறுப்புக்காகவோ கொடுத்ததாக இருக்க வேண்டும். அப்படித்தான் கொடுத்தார் என்று 139-வது பிரிவு முதலிலேயே உங்கள் பக்கம் அனுமானித்துக்கொள்ளும், நல்ல வசதிதான். ஆனால் அந்த அனுமானத்தை உடைக்க செக் கொடுத்தவர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை, இப்படியும் இருந்திருக்கக்கூடும் என்று நம்பும்படி காட்டினால் போதும் என்பது ரங்கப்பா என்பவரின் செக் வழக்கில் 2010-லேயே உச்சநீதிமன்றம் சொன்னது. அதற்கு அவர் வெளியே சாட்சி தேட வேண்டாம். உங்கள் மெசேஜையே எடுத்து நீட்டுவார்: இது கடன் இல்லை, பங்கு, லாபம் வந்தால் தந்திருப்பேன், நஷ்டம் வந்தது, இருவருக்கும்தான். இதனாலேயே வழக்கு தோற்றுவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் குறுக்கு விசாரணையில் உங்களைக் கூண்டில் நிறுத்தி அந்த ஒரு சொல்லைச் சுற்றியே அரை நாள் ஓட்டலாம். ‘கைமாத்தா தர்றேன்டா, ஜூனுக்குள்ள குடுத்துடு’ என்று தமிழில் அனுப்பியிருந்தால் இந்தப் பேச்சே எழாது.

அடுத்தது பதில் எழுதுகிறவர்கள் கதை. ஆபீஸ் மெயிலில் ‘அக்னாலெட்ஜ்’ என்றால் பார்த்துவிட்டேன் என்று அர்த்தம், பழகிப்போன சொல். அதே பழக்கத்தில் கடன் கொடுத்தவருக்கும் ‘ஐ அக்னாலெட்ஜ் தி டியூஸ், இப்போதைக்குத் தர முடியாது’ என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். கடனாகக் கொடுத்த பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் காலவரம்பு. அது முடிவதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 18-வது பிரிவுப்படி கையெழுத்திட்ட நாளிலிருந்து மறுபடி மூன்று வருடம் எண்ணத் தொடங்கும். தர மாட்டேன் என்று கூடவே எழுதியிருந்தாலும் அது ஒப்புதல்தான், சட்டத்தின் விளக்கமே அப்படிச் சொல்கிறது. கடிதம் வந்தது என்று மட்டும் தெரிவிக்க ‘ரிசீவ்ட்’ போதும். ‘அக்செப்ட்’ என்றால் எதிராளி சொன்ன ஏற்பாட்டுக்குச் சம்மதித்தது போல ஆகும், ‘அட்மிட்’ என்றால் உங்களுக்கு எதிரான சங்கதியை நீங்களே உண்மை என்று ஏற்றது போல. சரி, மறுக்க வேண்டும் என்றால்? இங்கே எல்லோருக்கும் பிடித்த சொல் ‘ரெஃப்யூட்’, கேட்க கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அது ஆதாரம் காட்டித் தவறென்று நிரூபிப்பது. இல்லை என்று சொல்வதற்கு ‘டினை’தான். அதிலும் அரைகுறையாக மறுப்பது ஆபத்து. ஐந்து லட்சம் வாங்கினார் என்று வழக்குரையில் இருக்கும்போது, ஐந்து லட்சம் வாங்கவில்லை என்று மட்டும் எதிர்வழக்குரையில் எழுதினால் நழுவலான மறுப்பு என்பார்கள். அந்தத் தொகையையோ அதில் எந்தப் பகுதியையோ வாங்கவில்லை என்று சொல்ல வேண்டும், வாங்கியிருந்தால் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 8, விதி 4-இல் கிட்டத்தட்ட இதே உதாரணம் இருக்கிறது. அடுத்த விதியில், குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. பதில் நோட்டீஸை வக்கீலிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள் என்றால் பீஸுக்காகச் சொல்கிறேன் என்பீர்கள், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று. சொல்லாமல் நின்றுவிட்டவரை எச்ஆர் ‘அப்ஸ்காண்டட்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சட்டத்தில் அது வாரண்டுக்குப் பயந்து தலைமறைவானவருக்கு உரிய சொல். நீங்கள் மெயில் போட்டுவிட்டு நின்றிருந்தால், என்றைக்கு ‘ரிசைன்’ செய்தீர்கள் என்று தேதியோடு எழுதி அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக, போலீஸ் புகார். சென்னையில் பஸ்ஸில் பாக்கெட் அடித்தாலும், பைக்கில் வந்தவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாலும், ‘போன் மிஸ்ஸாயிடுச்சு சார்’ என்றுதான் ஆரம்பிப்போம். ‘மிஸ்’ஸோ ‘லாஸ்ட்’டோ, அதில் குற்றமே இல்லை, நீங்கள் எங்கேயோ வைத்துவிட்டீர்கள் என்றாகிவிடுகிறது. தெரியாமல் எடுத்தது திருட்டு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 303. திடீரென்றோ வேகமாகவோ பலவந்தமாகவோ பிடுங்குவது பறிப்பு, பிரிவு 304. முன்பிருந்த தண்டனைச் சட்டத்தில் இதற்கென்று தனிப் பிரிவு கிடையாது, 2024 ஜூலை 1 முதல்தான் வந்திருக்கிறது. செயினை அறுக்கும்போது கீழே தள்ளிக் காயப்படுத்தினாலோ, கத்தியைக் காட்டி மிரட்டினாலோ அது கொள்ளை, நம் பேச்சில் வழிப்பறி, பிரிவு 309. திருட்டுக்கும் பறிப்புக்கும் பொதுவாக அதிகபட்சம் மூன்று வருடம், கொள்ளைக்குப் பத்து வருடம் வரை போகும், காயப்படுத்தியிருந்தால் ஆயுள் தண்டனைகூட. ஆங்கிலத்தில் ‘ஸ்டீல்’, ‘ஸ்நாட்ச்’, ‘ராப்’ என்று மூன்றும் தனித்தனி. ‘மை செயின் வாஸ் ராப்ட்’ என்று எழுதுவதும் சரியில்லை, ‘ராப்’ செய்யப்படுவது ஆள், பறிபோவது பொருள்.

புகாரை ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பறித்தான், தள்ளிவிட்டான், முழங்கையில் ரத்தம் வந்தது என்று நடந்த வரிசையில் தமிழில் எழுதுங்கள், பிரிவு போடுவது ஸ்டேஷன் வேலை. வாயால் சொல்லி அவர்கள் எழுதிக்கொண்டால் அதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், எஃப்ஐஆர் நகலையும் இலவசமாகத் தர வேண்டும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவில் இரண்டும் இருக்கின்றன. படித்துக் காட்டும்போது ‘மிஸ்ஸிங்’ என்று காதில் விழுந்தால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள், கையெழுத்து அப்புறம்.