தேங்காயின் முகமும் தென்னம்பிள்ளையின் பிறப்பும்

“கண்ணுல குத்தாத சாமி, வாயில குத்து.”

ஆனைமலைப் பக்கம் அம்மாயி வீட்டுத் திண்ணையில் உரித்த தேங்காயையும் கோணூசியையும் வைத்துக்கொண்டு நான் மல்லுக்கட்டியபோது அம்மாயி சொன்னது இது. எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். உடைக்காமலே தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஆசை. அருகருகே இருந்த இரண்டு கண்ணிலும் ஊசி இறங்கவே இல்லை. சற்றுத் தள்ளி இருந்த மூன்றாவதை அம்மாயி ‘வாய்’ என்று தொட்டுக் காட்டினார். லேசாக அழுத்தியதும் பொதுக்கென்று இறங்கியது.

தாவரவியல் படித்த பிறகுதான் அந்தச் சொல் எவ்வளவு சரியானது என்று தெரிந்தது. இரண்டு கண் அடைத்துக்கொண்டும் ஒன்று மட்டும் மென்மையாகவும் இருப்பதற்குக் காரணம் தேட, பாளை வெடிக்கும் நாளுக்குப் போக வேண்டும்.

பாளைக்குள் இருக்கும் பெண்பூ ஒவ்வொன்றிலும் மூன்று சூலக இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பின்னால் காயாக மாறும் ஒரே சூலகமாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சூல். ஆக, மூன்று பிள்ளைக்கு இடம் போட்டுத்தான் தென்னை தொடங்குகிறது. ஆனால் வழக்கமாக ஒரு சூல்தான் விதையாகிறது. மற்ற இரண்டும் குரும்பைப் பருவத்திலேயே சுருங்கிப்போகின்றன. தொட்டி, அதாவது கொட்டாங்குச்சி, இறுகும்போது சூலக இலைக்கு ஒன்றாக மூன்று துளைகளின் தடம் அதில் நின்றுவிடுகிறது. பிள்ளை இல்லாத இரண்டு அறைகளின் துளைகள் கெட்டியாக அடைபடுகின்றன. பிள்ளை இருக்கும் அறையின் துளை மட்டும் மெல்லிய மூடியோடு நிற்கிறது. நாம் கண் என்று சொல்வதில் இரண்டு, பிறக்காமல் போன இரண்டு விதைகளின் வாசல்கள்.

பனையைப் பாருங்கள், இது இன்னும் துலங்கும். பனங்காயிலும் மூன்று அறைகள்தான். அங்கே பெரும்பாலும் மூன்றுமே விளைகின்றன. அதனால்தான் சீவிய காயில் மூன்று நுங்கு எடுக்கிறோம். ஒரே வகைச் சூலகம்தான். பனை மூன்றையும் வளர்க்கிறது, தென்னை ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது.

அடுக்களையில் தேங்காய் இருந்தால் எடுத்து, நாரைச் சுத்தமாக நீக்கிவிட்டுத் தொட்டியைத் தடவுங்கள். கண்கள் இருக்கும் முனையிலிருந்து மூன்று மேடான வரிகள் கீழே ஓடும். இரண்டிரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு கண் இருக்கும். எந்த இரண்டு வரிகளுக்கு நடுவே இடைவெளி அதிகமோ, அங்கே இருப்பதுதான் மென்கண். விதை வளர்ந்த அறை பெரிதானதால் வந்த அகலம் அது. குத்திப் பார்க்காமலே விரலால் கண்டுபிடித்துவிடலாம். அடைத்த கண்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி, மென்கண் தனியே விலகி நிற்பதும் இதனால்தான். மேலே இரண்டு, கீழே ஒன்று. அதைப் பார்த்த மாத்திரத்தில் முகம் என்று மனம் சொல்லிவிடுகிறது.

மனம் ஏன் அப்படிச் சொல்கிறது? 1975-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பிறந்து சில நிமிடங்களே ஆன 40 குழந்தைகளுக்கு முகம் வரைந்த அட்டையையும், அதே கண்ணையும் மூக்கையும் இடம் மாற்றிக் கலைத்துப் போட்ட அட்டையையும் காட்டினார்கள். சரியான முகத்தைத்தான் குழந்தைகள் அதிகமாகத் தலையைத் திருப்பிப் பின்தொடர்ந்தன. தாய் முகத்தையே இன்னும் பழகியிராத குழந்தைகள் அவை! மூளையின் அடிப்பகுதியில், காதுக்குப் பின்புறமாக, முகங்களைக் கண்டால் மிகுதியாக வேலை செய்யும் ஒரு பகுதி இருப்பதை 1997-ல் மூளை ஆய்வாளர் நான்சி கான்விஷரின் குழு ஸ்கேன் மூலம் காட்டியது. உண்மையில் முகம் இல்லாத பொருளிலும் முகச் சாயல் தென்பட்டால் மூளை நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அதை முகமாக எடுத்துக்கொள்கிறது. இல்லாத முகத்தை இருப்பதாக எண்ணினால் நட்டமில்லை. புதருக்குள் இருக்கும் முகத்தைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். அதனால் இந்தப் பழக்கம் நம்மிடம் நிலைத்திருக்கலாம்.

கடலோடிகளுக்கும் இதே முகம்தான் தெரிந்தது. போர்த்துகீசியர் இந்தக் காய்க்கு வைத்த ‘கோகோ’ என்ற பெயர், குழந்தைகளைப் பயமுறுத்தச் சொல்லும் பூச்சாண்டியின் பெயர் என்று அந்நாட்டின் 16-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோவாவ் டி பாரோஸ் விளக்கியிருக்கிறார். சமோவாத் தீவில் சீனா என்ற பெண்மேல் ஆசை வைத்த விலாங்கு மீனின் தலையைப் புதைத்த இடத்தில் முதல் தென்னை முளைத்ததாகக் கதை. கண் வழியாகத் தண்ணீர் குடிக்கும்போது அவள் அதன் வாயில் முத்தமிடுகிறாளாம். நம் நாட்டு வடமொழி விடுகதை ஒன்று, மரத்தின் உச்சியில் இருந்தாலும் பறவையரசன் இல்லை, மூன்று கண் இருந்தாலும் சூலபாணி இல்லை என்று போகும்.

இந்தோனேசியாவின் சேரம் தீவில் வேமாலே மக்கள் சொன்ன கதையை, 1937-ல் போன ஜெர்மன் ஆய்வுக் குழுவின் அடால்ஃப் யென்சன் பதிவுசெய்தார். அமெதா என்ற வேட்டைக்காரன் விரட்டிய பன்றி குளத்தில் மூழ்கிச் செத்தது. அதன் கோரைப்பல்லில் ஒரு தேங்காய் குத்தியிருந்தது. உலகத்தில் அதுவரை தென்னையே இல்லை. கனவில் சொன்னபடி அதை நட்டான். மூன்று நாளில் மரம், இன்னும் மூன்று நாளில் பாளை. பானம் இறக்க ஏறிப் பாளையை வெட்டும்போது விரலும் வெட்டுப்பட்டு ரத்தம் பூவில் சொட்டியது. ஒன்பதாம் நாள் அந்த இடத்தில் ஒரு பெண்குழந்தை. அவள்தான் ஹைநுவேலே, ‘தென்னங்கிளை’. பாளை சீவுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கதையில் எதுவும் அந்நியமாக இல்லை. சீவிய பாளையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிவதைப் பார்த்த யாருக்கும் ரத்தத்தின் நினைப்பு வந்திருக்கும்.

இமயமலையில் பெண் உருவத்தில் பூக்கும் ‘நாரிலதா’ என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதன் சமாசாரம் வேறு. அப்படி ஒரு செடியே கிடையாது. பெண்கள் காய்க்கும் மரம் பற்றி தாய்லாந்துக் கதைகளிலும், அரபியர் சொன்ன வாக்வாக் தீவுக் கதைகளிலும் உண்டு; அவை கதையாக நின்ற வரை அழகு. பொய்ப்படம் எனக்கு வருத்தம் தருகிறது. மெய்யாகவே ஒரு பிள்ளையைச் சுமக்கும் முகம் நம் அடுக்களையில் கிடக்கிறது.

முற்றிய தேங்காயை உடைத்து, மென்கண்ணுக்கு நேர் உள்ளே பருப்பில் பாருங்கள். நிலக்கடலைப் பருப்பைவிடச் சிறிதாக, ஒரு முளை பதிந்திருக்கும். அதுதான் கரு. சுற்றியுள்ள வெள்ளைப் பருப்பும் நடுவிலுள்ள தண்ணீரும் அதற்கான உணவு. தாள் உண்ட நீரைத் தலையாலே தருவதாக மூதுரை சொல்கிறது. வேர் உறிஞ்சிய நீர்தான், ஆனால் காய்க்குள் அது கருவுக்கு வேண்டிய சர்க்கரையும் உப்புகளும் கலந்த பாலாகிவிடுகிறது.

நெத்தை, அதாவது முற்றிக் காய்ந்த விதைத்தேங்காயை, நாற்றங்காலில் போட்டதும் கரு இரண்டு பக்கமும் வளர்கிறது. ஒரு முனை மென்கண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து குருத்தும் வேரும் விடுகிறது. மறுமுனை உள்ளே பஞ்சு உருண்டையாகப் பருத்துத் தண்ணீரையும் பருப்பையும் உறிஞ்சுகிறது. தள்ளுவண்டியில் தேங்காய்ப்பூ என்று விற்கிறார்களே, அதுவேதான். செடியின் விதையிலை அது. உள்ளே இருக்கும் பூவையும் வெளியே நிற்கும் குருத்தையும் சேர்ப்பது மென்கண் வழியாக வரும் ஒரு சிறு காம்பு மட்டும். தொப்புள்கொடி என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உரிக்கும்போது குடுமி விடுவதும் இந்த வாசலுக்காகத்தான் பயன்படுகிறது. நாரை முழுக்க எடுத்த காயில் மென்கண் திறந்து கிடக்கும். அதன் வழியே காற்றும் பூஞ்சையும் நுழைந்து காய் சீக்கிரம் கெடும். மண்டிக்காரர்கள் குடுமியோடு வாங்குவது சாமிக்கு உடைப்பதற்காக மட்டும் இல்லை.

ஓரறிவு உயிரின் இளமைக்குப் பிள்ளை என்று சொல்லலாம் என்று தொல்காப்பிய மரபியல் இடம் தருகிறது. வாழைக்குக் கன்று என்கிறோம், தென்னைக்குப் பிள்ளை. எங்கள் பக்கம் தென்னஞ்செடி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

போன ஐப்பசியில் நாற்றங்காலிலிருந்து பத்து மாதப் பிள்ளைகள் வாங்கி வந்து நட்டோம். எடுத்துக் கொடுத்த அண்ணன், “நெத்தைப் பிச்சராதீங்க, இன்னும் குடிச்சுட்டு இருக்குதுங்க” என்றார். குழியில் மண் தள்ளும்போது ஒரு நெத்தைத் திருப்பிப் பார்த்தேன். மட்டையைக் கிழித்துக்கொண்டு வேர்கள் வந்திருந்தன. குருத்து அம்மாயி காட்டிய பக்கத்திலிருந்துதான் வந்திருந்தது.