சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கு மூன்றாவது சக்கரம் எங்கே இருக்க வேண்டும்?

அமெரிக்காவில் வீட்டுக் கராஜில் விமானம் கட்டி, அதையே ஓட்டிப் பறப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடையே மிகப் பிரபலமானது, ஆரிகன் மாநிலத்தில் ரிச்சர்ட் வேன்கிரன்ஸ்வென் தொடங்கிய வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி வரிசை. இந்த நிறுவனத்தின் பாகங்களை வாங்கித் தாங்களே கட்டிய விமானங்களில் 10,000-க்கும் மேற்பட்டவை பறந்துவிட்டன. அந்த வரிசையில் இரண்டு பேர் உட்காரும் ஆர்வி-7 என்ற விமானம் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஆர்வி-7 என்றால் வாலில் சின்னச் சக்கரம். ஆர்வி-7ஏ என்றால் மூக்குக்குக் கீழே சக்கரம். கட்ட உட்காரும் ஒவ்வொருவரும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

மூன்றாவது சக்கரம் முன்னாலா பின்னாலா என்பதுதான் கேள்வி போலத் தெரியும். ஆனால் அதோடு சேர்ந்து மற்ற இரண்டு பெரிய சக்கரங்களும் இடம் மாறுகின்றன. வால் சக்கர விமானத்தில் அவை ஈர்ப்பு மையத்துக்கு, அதாவது விமானத்தின் மொத்த எடையும் சமன்படும் புள்ளிக்கு, முன்னால் இருக்கும். மூக்குச் சக்கர விமானத்தில் பின்னால் இருக்கும். தரையில் இந்த இரண்டு விமானங்களும் வேறு வேறு குணம் காட்டுவதற்குக் காரணம் இந்த இடமாற்றம்தான்.

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியை நினைத்துப் பாருங்கள். பின் சக்கரங்கள் நிலையானவை, முன் சக்கரங்கள் எந்தப் பக்கமும் திரும்பும். வேகமாகத் தள்ளி விட்டுவிட்டால் நேராகப் போகும். அதையே திருப்பி வைத்து, நிலையான சக்கரங்கள் முன்னால் வரும்படி தள்ளி விடுங்கள். கொஞ்ச தூரத்திலேயே வண்டி சுழன்று, பின்பக்கம் முன்னால் வந்துவிடும்.

விமானத்திலும் இதேதான் நடக்கிறது. பக்கக் காற்றில் இறங்கும்போது மூக்கு லேசாக இடப்பக்கம் திரும்பியிருக்கிறது, விமானமோ ஓடுபாதையின் நேர்க்கோட்டில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டயர்கள் தாங்கள் பார்த்திருக்கும் திசையில் உருள விரும்பும். பக்கவாட்டில் இழுபடும்போது தரை அவற்றை இடப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளல் ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் விழுந்தால் வால் இடப்பக்கம் போகும், மூக்கு வலப்பக்கம் வந்து விமானம் தானாகவே நேராகிவிடும். முன்னால் விழுந்தால் மூக்கு இன்னும் இடப்பக்கம் திரும்பும். திரும்பும் அளவு கூடக் கூடத் தள்ளலும் கூடும், தள்ளல் கூடக் கூட இன்னும் திரும்பும். விமானி, வாலில் உள்ள திசைதிருப்பும் பலகையான சுக்கானின் பெடலை மிதித்து உடனே தடுக்காவிட்டால் விமானம் தரையிலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். விமானிகள் இதைக் கிரவுண்ட் லூப் என்கிறார்கள். வெளிப்பக்க இறக்கையின் நுனி தரையில் உரசும், சில நேரம் சக்கரக் கால் மடங்கிவிடும்.

இது பெரும்பாலும் சக்கரம் தரையைத் தொட்ட அந்தக் கணத்தில் நடப்பதில்லை. வேகம் குறையக் குறையச் சுக்கானின் மேல் ஓடும் காற்று குறைகிறது, அதன் பிடியும் போகிறது. வால் சக்கரத்தில் இன்னும் போதிய எடை ஏறியிருக்காது. இறங்கியாகிவிட்டது என்று விமானி மூச்சு விடும் அந்த இடைவெளியில்தான் விமானம் கையை விட்டுப் போகும். இறங்கிய பிறகும் ஸ்டிக்கை, அதாவது கையில் பிடித்து ஓட்டும் தண்டை, பின்னால் இழுத்தே வைத்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் ஓயாமல் சொல்வது, வாலைத் தரையோடு அழுத்தி வைப்பதற்குத்தான்.

துள்ளலிலும் இதே கணக்குதான். கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் கனமாக இறங்கிவிட்டால், பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் ஈர்ப்பு மையம் இருக்கிற வால் சக்கர விமானத்தில் வால் கீழே போகும், மூக்கு மேலே எழும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடி, விமானம் மறுபடி காற்றில் ஏறிவிடும். மூக்குச் சக்கர விமானத்தில் அதே தவறுக்கு மூக்கு கீழே சாயும், கோணம் குறையும், விமானம் தரையிலேயே தங்கிவிடும்.

அப்படியானால் பெரிய சக்கரங்களை ஈர்ப்பு மையத்துக்குச் சற்றே முன்னால் மட்டும் வைத்தால் என்ன? அப்போது பிரேக்கை அழுத்திப் பிடித்தால் விமானம் மூக்கில் குப்புற விழும். ரொம்ப முன்னால் வைத்தால் சுழலும் குணம் கூடிவிடும், புறப்படும்போது வாலைத் தூக்குவதும் சிரமம். அதனால் ஈர்ப்பு மையத்திலிருந்து நேர் கீழே வரும் கோட்டுக்கும் சக்கரத்துக்குச் செல்லும் கோட்டுக்கும் இடையே 16 முதல் 25 டிகிரி வரை இருக்கும்படி வடிவமைப்பாளர்கள் அமைப்பார்கள். மூக்குச் சக்கரத்துக்கும் இப்படி ஒரு சமரசம் உண்டு. மொத்த எடையில் சுமார் 8 முதல் 15 சதவீதம் அதன் மேல் விழுவது நல்லது.

1930-களில் பெரும்பாலான விமானங்கள் வாலில்தான் மூன்றாவது சக்கரத்தை வைத்திருந்தன. புல்தரையில் இறங்கிய காலம் அது. அமெரிக்கப் பொறியாளர் ஃப்ரெட் வீக் மூக்குச் சக்கரத்தோடு வடிவமைத்த எர்கூப் 1937-ல் பறந்தது. சாதாரண ஆட்களும் பயமில்லாமல் ஓட்ட வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். பிறகு 1956-ல் செஸ்னா நிறுவனம் தனது 170 விமானத்துக்கு மூக்குச் சக்கரம் வைத்து 172 என்று விற்றது. உலகிலேயே மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம் அதுதான்.

இவ்வளவு சாதுவான மூக்குச் சக்கரம் இருக்கும்போது வால் சக்கரத்தை யாராவது ஏன் விரும்ப வேண்டும்? எடை சில கிலோ குறையும், காற்றின் தடை கொஞ்சம் குறையும். ஆனால் ஆர்வி விமானங்களில் வேக வித்தியாசம் மணிக்கு ஒன்றிரண்டு மைல்தான். அதற்காக மட்டும் வால் சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பது வீண் என்பது என் கருத்து. உறுதியான காரணம் தரையில் இருக்கிறது.

ஆர்வி-7ஏ-யின் முன்காலைக் கிட்டே போய்ப் பாருங்கள். எஞ்சினைத் தாங்கும் சட்டமான எஞ்சின் மவுன்ட்டிலிருந்து முன்னோக்கி இறங்கும் ஒற்றை எஃகுக் கம்பி அது. நுனியில் ஒரு கவை, கவையில் சின்னச் சக்கரம். அந்தச் சக்கரம் பெடலோடு இணைக்கப்படவில்லை, தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். மெதுவாக ஓடும்போது இடது, வலது பிரேக்குகளைத் தனித்தனியே மிதித்துத்தான் விமானத்தைத் திருப்ப வேண்டும். மேடு பள்ளமான புல்தரையில் அந்தக் கம்பி வளைந்து, கவையின் முன்பக்கம் மண்ணில் குத்தினால், கால் பின்னோக்கி மடங்கி விமானம் தலைகீழாகக் கவிழலாம். அப்படி நடந்தும் இருக்கிறது. கவிழ்ந்தால் கண்ணாடிக் கூண்டைத் திறந்து வெளியே வருவது கடினம். இதனால் கவையின் வடிவத்தை மாற்றித் தரையிலிருந்து அதன் உயரத்தைக் கூட்டினார்கள். பின்னால் வந்த ஆர்வி-10, ஆர்வி-14ஏ ஆகியவற்றின் முன்காலில் அதிர்வைத் தாங்க ரப்பர் வில்லைகளை வைத்தார்கள்.

வால் சக்கர விமானத்தில் முதல் அடியை வாங்குவது இரண்டு பலமான கால்கள். புரொப்பெல்லரும் தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கும், கூழாங்கல் பட வாய்ப்பு குறைவு. அலாஸ்காவின் ஆற்று மணல்திட்டுகளில் இறங்கும் பைப்பர் சூப்பர் கப் விமானங்கள் எல்லாம் வால் சக்கரத்தோடு இருப்பது பழைய நினைவுக்காக அல்ல.

ஆக, தார் ஓடுபாதையிலேயே இறங்கி ஏறுபவர், மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பறப்பவர், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பக்கக் காற்றிலும் ஊர் போய்ச் சேர வேண்டியவர் எல்லாம் மூக்குச் சக்கரத்தை எடுப்பதே சரி. வால் சக்கரம்தான் வீரனுக்கு அழகு என்கிற பேச்சைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். புல்தரையும் கரடுமுரடான இடங்களுமே உங்கள் ஓடுபாதை, அடிக்கடி பறந்து கால் பழக்கத்தை விடாமல் வைத்திருப்பீர்கள் என்றால் வால் சக்கரத்தை எடுங்கள். காப்பீட்டுக்கு வழக்கமாகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

ஒன்று, முடிவை நடுவில் மாற்றுவது லேசான காரியமில்லை. ஆர்வி-7-ல் பெரிய கால்கள் எஞ்சின் மவுன்ட்டில் செருகப்படுகின்றன; 7ஏ-யில் அவை உடற்பகுதிக்குள், இறக்கை இணையும் இடத்துக்கு அருகில் பொருத்தப்படுகின்றன. ஆனால் வாலும் இறக்கைகளும் கட்டும் வரை அவசரம் இல்லை, இரண்டுக்கும் அவை ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் காலத்தை வீணாக்காமல் ஒரு பயிற்சியாளரிடம் போய் வால் சக்கர விமானத்தை ஓட்டிப் பாருங்கள். அமெரிக்க விதிப்படி வால் சக்கர விமானத்தைப் பொறுப்பு விமானியாக ஓட்டப் பயிற்சியாளரின் கையொப்பம் எப்படியும் வேண்டும். சாதாரண இறக்கம், பக்கக் காற்று இறக்கம், வாலைத் தூக்கியபடி இரண்டு சக்கரத்தில் இறங்குவது, இறங்காமல் மறுபடி ஏறிப்போவது எல்லாம் அதில் வரும். உடற்பகுதிக்கான ஆர்டர் படிவத்தை நிரப்பும்போது உங்கள் கால்களுக்கே பதில் தெரிந்திருக்கும்.