கொரண்டம் இல்லை, குருந்தம்

மாணிக்கமும் நீலமும் ஒரே கல் என்று சொன்னால், ரத்தின வியாபாரம் தெரிந்தவர்களைத் தவிர வேறு யாரும் சட்டென்று நம்ப மாட்டார்கள். ஒன்று ரத்தச் சிவப்பு, மற்றது கருநீலம், நவரத்தினத்தில் இரண்டுக்கும் தனித்தனி இடம், சோதிடத்தில் ஒன்று சூரியனுக்கு, இன்னொன்று சனிக்கு. ஆனால் ஆய்வுக்கூடத்தில் இரண்டும் ஒரே கனிமம்தான், வெறும் அலுமினியம் ஆக்சைடு. சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. கொஞ்சம் குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கமாகிவிடும், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். கனக புஷ்பராகம் என்று நம் கடைகளில் விற்கிற மஞ்சள் கல்லும் இதே இனம், ஆக ஒன்பது ரத்தினங்களில் மூன்று ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அந்தக் கனிமத்தைத்தான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் 'கொரண்டம்' என்று மனப்பாடம் செய்கிறார்கள். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் வைரத்துக்கு 10, கொரண்டத்துக்கு 9. கேள்வி பதில் புத்தகங்களில் அடிக்கடி வரும். ஏதோ லத்தீன் பெயர் போல ஒலிப்பதால் யாரும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அது தமிழ்ச் சொல், குருந்தம் என்பதன் ஆங்கில உருவம். பெரிய ஆங்கில அகராதிகளே மூலம் தமிழ் என்று போட்டுவிட்டு, மாணிக்கத்தைக் குறிக்கும் குருவிந்தம் என்ற வடசொல்லோடு அதற்கு உறவு உண்டு என்றும் சொல்கின்றன.

எப்படிப் போனது? கப்பலில்தான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் உட்வர்ட் என்ற ஆங்கிலேயர் சேர்த்து வைத்த கனிமங்களின் பட்டியலில், சென்னை புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த ஒரு கல் 'கொரிவிந்தம்' மாதிரியான ஒரு பெயரில் இருக்கிறது. நெல் விளையும் வயல்களில் கிடைப்பது, வயல் எலிகள் வளை தோண்டும்போது வெளியே தள்ளுவது, இரும்பைத் தேய்த்து மெருகேற்ற உதவுவது என்று குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். அப்புறம் 1798இல் சார்லஸ் கிரெவில் என்பவர் ஆசியாவின் கொரண்டம் கல் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார், அந்தப் பெயரே அறிவியலில் நிலைத்துவிட்டது. சாணை பிடிக்கிறவர் வாயிலிருந்து கிளம்பிய ஒரு சொல் உலகக் கனிமவியலின் அதிகாரப்பூர்வப் பெயராகியிருக்கிறது, எனக்கு இதில் பெருமைதான்.

சாணை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்க் கொல்லர்களுக்கும் மணி இழைப்பவர்களுக்கும் குருந்தம் நகைக்கல்லாக இல்லை, கருவியாகத்தான் பழக்கம். கல்லை இடித்துப் பொடியாக்கி, உருக்கிய அரக்கோடு பிசைந்து சாணைச் சக்கரம் செய்வார்கள். ஒளி ஊடுருவாத, மங்கலான பழுப்புக் குருந்தம் அந்த வேலைக்குப் போதும். பளிங்கு போலத் தெளிவாகவும் நல்ல நிறத்தோடும் கிடைப்பது அபூர்வம், அதுதான் அரசர்களின் மகுடத்துக்குப் போகும். பழந்தமிழ் இலக்கியத்திலும் இந்த நுணுக்கம் உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுரையின் ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும் இடத்தில் மாணிக்கத்தையே நான்கு சாதியாகப் பிரிக்கிறார்கள், அதில் 'விந்தம்' என்று வருவதற்கு உரைகாரர் தரும் பொருள் குருவிந்தம்.

அரசர்கள் இதில் ஏமாந்ததும் உண்டு. பிரிட்டிஷ் அரச மகுடத்தின் நெற்றியில் பதித்திருக்கும் 'கறுப்பு இளவரசனின் மாணிக்கம்' மாணிக்கமே இல்லை, ஸ்பினெல் என்ற வேறு கனிமம், அதில் அலுமினியத்தோடு மக்னீசியமும் உண்டு. பிரெஞ்சுக் கனிமவியலாளர் ரோமே த லீல் 1783இல் இரண்டையும் பிரித்துக் காட்டும் வரை சிவப்பாகப் பளபளத்த கல்லெல்லாம் மாணிக்கமாகவே கைமாறிக்கொண்டிருந்தது.

குருந்தம் எல்லாப் பாறையிலும் உருவாகாது. பூமியின் மேலோட்டில் சிலிக்கா தாராளமாக இருப்பதால், அலுமினியம் பெரும்பாலும் அதோடு சேர்ந்து ஃபெல்ஸ்பார் போன்ற கனிமங்களாகிவிடும். சிலிக்கா குறைவாகவும் அலுமினியம் மிகுதியாகவும் உள்ள பாறையில்தான் இது தனித்து வரும். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி அப்படிப்பட்ட இடம். அங்குள்ள அனார்த்தொசைட் என்ற வெளிறிய பாறையில் குருந்தம் கிடைக்கிறது. நிலாவின் மேட்டுநிலங்களும் அதே வகைப் பாறைதான். சந்திரயான்-2இன் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிப்பதற்கு இஸ்ரோ செய்த செயற்கை நிலவு மண், இந்தச் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்து எடுத்ததுதான்.

இப்போது பயன்படும் குருந்தத்தில் பெரும்பகுதி செயற்கை. 1902இல் ஒகூஸ்த் வெர்னேய் தீச்சுடரில் அலுமினியம் ஆக்சைடு பொடியை உருக்கிச் சொட்டவிட்டு மாணிக்கம் வளர்க்கும் முறையை அறிவித்தார். பழைய கைக்கடிகாரங்களில் '17 ஜூவல்ஸ்' என்று போட்டிருக்குமே, உள்ளே பல்சக்கரங்களின் அச்சைத் தாங்கிய அந்தச் சிவப்புக் கற்கள் இப்படி வளர்த்தவை. 1960 மே 16 அன்று கலிபோர்னியாவில் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை ஒளிரவைத்தபோது, அதற்குள் இருந்ததும் செயற்கை மாணிக்கத் தண்டு. விலை உயர்ந்த கடிகாரங்களின் கீறல் விழாத 'சஃபையர் கிளாஸ்' பெயருக்குத்தான் கண்ணாடி, உண்மையில் நிறமில்லாத குருந்தம்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? குருந்தம் என்றே எழுதலாம், புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு சிக்கல், குருந்து அல்லது குருந்தம் என்று நமக்கு ஒரு மரமும் இருக்கிறது, எலுமிச்சைக் குடும்பத்து முள்மரம், ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகருக்குச் சிவன் குருவாக வந்து அமர்ந்ததாகச் சொல்வது அதன் அடியில்தான். மரமா கல்லா என்று குழப்பம் வரும் இடத்தில் 'குருந்தக்கல்' என்று எழுதினால் தீர்ந்தது. பொடிக்குக் குருந்தத்தூள், அரவைச் சக்கரத்துக்குக் குருந்தச் சாணை. எமரி என்பதைக் குருந்தம் என்று மொழிபெயர்க்க வேண்டாம், கிரேக்கத்தின் நாக்சோஸ் தீவில் கிடைப்பது போல அது குருந்தமும் காந்த இரும்புக் கனிமமான மேக்னடைட்டும் கலந்த பாறை, அதற்கு எமரி என்ற பெயரே இருக்கட்டும்.