பலகைக்குள் ஒளிந்திருக்கும் தேதி

1513 ஆகஸ்ட். பிரான்சின் வடக்கே தெரூவான் நகரை இங்கிலாந்துப் படை வளைத்திருந்தது. 22 வயது மன்னர் எட்டாம் ஹென்றிக்குத் துணையாக 54 வயதுப் புனித ரோமானியப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 16 அன்று பிரெஞ்சுக் குதிரைப்படை தலைதெறிக்க ஓடியது. ஓடியவர்கள் காலணிக் குதியில் மாட்டிய குதிமுள்ளால் குதிரையைக் குத்திய வேகத்தை வைத்தே அதற்குக் ‘குதிமுள் போர்’ என்று பெயர் வந்துவிட்டது. தெரூவான் விழுந்தது, செப்டம்பரில் தூர்னே நகரும் விழுந்தது.

வெவ்வேறு நாட்களில் நடந்த இதையெல்லாம் ஒரே பலகையில் வரைந்த எண்ணெய் ஓவியம் ஒன்று பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது. வரைந்தவர் ஃபிளாண்டர்ஸ் (பெரும்பாலும் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள பகுதி) ஓவியர், பெயர் தெரியாது. இப்படிப்பட்ட ஓவியம் அந்தக் காலத்ததா, பின்னால் வந்த நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு மிகவும் பிடித்த வழி, படத்தைப் பார்க்காமல் பலகையின் ஓரத்தைப் பார்ப்பது.

அந்தப் பகுதி ஓவியர்கள் பெரும்பாலும் ஓக் பலகையில்தான் வரைந்தார்கள். பால்டிக் கடலோரக் காடுகளிலிருந்து மரம் கப்பலில் வரும். ஓக் மரம் வருடத்துக்கு ஒரு வளையம் போடும். நல்ல மழை பெய்த வருடம் அகல வளையம், வறண்ட வருடம் ஒடுங்கிய வளையம். ஒரே வட்டாரத்து மரங்களில் இந்த வரிசை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பலகையைப் பெரும்பாலும் மரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பிளந்து எடுத்ததால், அதன் குறுகிய ஓரத்தில் வளையங்கள் நெருக்கமான கோடுகளாக வரிசையாகத் தெரியும். அழுக்கைக் கூரிய பிளேடால் மெல்லச் சீவிவிட்டு, லென்ஸ் வைத்து ஒவ்வொரு கோட்டு இடைவெளியையும் அளப்பார்கள். பல நூறு ஆண்டுகளுக்குத் தொகுத்து வைத்திருக்கும் வளைய வரிசையோடு இதை நகர்த்தி நகர்த்திப் பொருத்தினால், ஓரிடத்தில் கச்சிதமாக உட்காரும். கடைசி வளையம் எந்த வருடத்தது என்பது அங்கே தெரிந்துவிடும்.

சரி, அதுதான் மரம் வெட்டிய வருடமா? இல்லை. பூச்சி அரிக்கும் என்பதால் தச்சர் பட்டையை ஒட்டிய வெளிமரமான வெளிறைச் செதுக்கி எறிந்துவிட்டு, உறுதியான உள்மரமான வைரத்தை மட்டுமே வைத்துக்கொள்வார். போன வெளிறுக்குக் குறைந்தது ஏழெட்டு வளையங்கள், அப்புறம் மரம் காய இரண்டொரு வருடம் கூட்ட வேண்டும். உதாரணமாக, கடைசி வளையம் 1492 என்றால் ஓவியம் 1502 வாக்கிலோ அதற்குப் பிறகோதான் வந்திருக்க முடியும். 1560 என்று வந்தால், ஹென்றி இறந்தே 13 வருடம் ஆகியிருக்கும், அது நகல்தான்.

மரம் சொல்வது ‘இதற்கு முன்னால் இல்லை’ என்பதை மட்டும்தான். பலகை பட்டறையில் எத்தனை வருடம் சும்மா கிடந்தது என்று வளையம் சொல்லாது. அதற்கு வரலாற்றிடம்தான் போக வேண்டும். 1514லேயே ஹென்றி பிரான்சோடு சமாதானமாகித் தங்கை மேரியைப் பன்னிரண்டாம் லூயிக்கு மணமுடித்துக் கொடுத்துவிட்டார். மாக்சிமிலியனோடு கொண்ட கூட்டைக் கொண்டாடும் படத்தை அதற்கு வெகுகாலம் கழித்து யார் வரையச் சொல்லியிருப்பார்கள்? அதனால் சண்டையின் சூடு ஆறுவதற்குள் வரைந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. படத்தின் பின்னணியில் தெரியும் தெரூவானை, 1553இல் மாக்சிமிலியனின் பேரன் ஐந்தாம் சார்லஸின் படை தரைமட்டமாக்கியது.